காலியாகத் திரும்பிய டப்பா

ஒரு மாணவியின் மதியச் சாப்பாட்டை ஐந்து மாதம் நான் சாப்பிட்டேன். பிடுங்கவில்லை, மிரட்டி வாங்கவில்லை. அவளே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள், நான் ருசித்துச் சாப்பிட்டேன். இதை எழுத உட்காருவதற்கே எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்தவள். வேலை கிடைத்து இங்கே வந்தபோது, ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்து, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றுதான் பெட்டியை இறக்கினேன். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் மூன்று பதில்கள் உண்டு, ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்துவிடுவேன். அம்மா போன பிறகு தஞ்சாவூர் வீட்டைப் பூட்டிவிட்டுத் தம்பி கனடா போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நாலு பேரிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்வேன். அந்த வாரத்துக்கான என் சொந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் நான் வேறு ஆள். எனக்கு வாய் நீளம். வகுப்பில் வாயைத் திறந்தால் நாற்பது பேரும் சிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பாடம் நடத்தின மாதிரியே இருக்காது. தாமதமாக வருகிறவளுக்கு ஒரு பட்டப்பெயர், தூங்குகிறவளுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குத் தேவையாகவும் இருந்தது.

ஒரே ஒரு ஆளுக்காக உலை வைப்பது போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. காலையில் கடை இட்லி, மதியம் டீயும் பிஸ்கட்டும், ராத்திரி கையில் கிடைத்தது. ஸ்டாஃப் ரூமில் மற்ற ஆசிரியைகள் டப்பாவைத் திறந்து, உன் கூட்டு எனக்கு, என் பொரியல் உனக்கு என்று மாற்றிக்கொள்வார்கள். மாற்றிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. அதனால் பெல் அடித்ததும் விலங்கியல் ஆய்வகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே அலமாரி நிறைய ஃபார்மலின் ஜாடிகள். ஒன்றில் தவளை, ஒன்றில் ஓணான், ஒன்றில் சுருண்டு கிடக்கிற நாடாப்புழு. அவர்களில் யாரும் "என்ன டீச்சர், இன்னைக்கும் பிஸ்கட்டா?" என்று என்னைக் கேட்டதில்லை.

ஓர் ஆகஸ்ட் மாதம் அந்தப் பிள்ளை அங்கே வந்தாள். பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு, என் வகுப்புதான். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. அம்மா சொந்தமாக உள்ள நாலு மா, ஒன்றேகால் ஏக்கர் போல, நிலத்தையும் குத்தகைக்கு எடுத்த கொஞ்சத்தையும் தனியாளாக நின்று நடவு, களை, அறுப்பு என்று பார்த்துக்கொள்கிறாள். பிள்ளை ஒரே மகள். பஸ்ஸில் வந்து போகிறவள். அடுக்கு டப்பாவை மேசையில் வைத்து, "அம்மா உங்களுக்குக் குடுத்து விட்டாங்க டீச்சர்" என்றாள்.

இந்தப் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. புது நெல் குத்தினால் டீச்சர் வீட்டுக்கு ஒரு பை அரிசி போகும். கோயில் திருவிழா என்றால் புளியோதரை வரும். வாத்தியார் பசியாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் எந்த வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார்கள். நான் பிஸ்கட் தின்பதை இந்தப் பிள்ளை பார்த்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறாள், அவள் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். கேட்காமல் இல்லை.

"கிளாஸ்லயே சாப்பிட்டேன் டீச்சர்."

பெல் அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளை எப்படிச் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் அப்போது சாம்பாரில் முருங்கைக்காயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். வாரத்துக்கு நாலு நாள் நிச்சயம். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, கீரை மசியல், வாழைப்பூ உசிலி, சில நாள் ஓரத்தில் ஒரு வடாம். சாதத்தை மேலே அழுத்தி, நடுவில் குழித்து நெய் விட்டிருப்பாள் அந்த அம்மா. என் அம்மா இறந்த பிறகு எனக்காக யாரும் சாதத்தில் நெய் விட்டதில்லை. முதல் நாள் அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பதினோரு மணிக்கே காதைத் தீட்டிக்கொண்டு பெல்லுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். பசி மட்டும் காரணம் இல்லை. எங்கேயோ ஒரு வீட்டில் என்னை நினைத்துக்கொண்டு ஒருத்தி அடுப்பு மூட்டுகிறாள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது.

டப்பாவை நானே கழுவித் துடைத்துக் கொடுப்பேன். "வத்தக்குழம்பு பிரமாதம்னு அம்மாகிட்ட சொல்லு" என்பேன். "சொல்றேன் டீச்சர்" என்பாள். மறுநாள் அவளே, "அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம் டீச்சர்" என்பாள். நான் சாப்பிடும்போது எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சோற்றைப் பிசைவதை, உருட்டுவதை, வாயில் போடுவதை அப்படிப் பார்ப்பாள். பாசம் என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் அந்த ஐந்து மாதமும் எல்லாமே எங்கள் கண்முன்னால்தான் இருந்திருக்கிறது. புரட்டாசி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். குளிருது என்றாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் சாக்லேட்டை வாங்கிப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொள்வாள், பிரித்து நான் பார்த்ததில்லை. என்னிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு மிச்ச நேரம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். சீப்பில் முடி கொத்தாக வருகிறது என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஒரு நாள் என்னிடம் சொன்னாள், கறிவேப்பிலை சாப்பிடச் சொன்னேன். தோழிகள் சாப்பிடக் கூப்பிட்டால் விரதம் என்பாள். செவ்வாய், வெள்ளி என்று ஆரம்பித்து, சனி சேர்ந்து, பிறகு சஷ்டி, பிரதோஷம் என்று பஞ்சாங்கத்தில் உள்ள விரதமெல்லாம் அவள் பேரில் எழுதின மாதிரி ஆகிவிட்டது. தமிழ் ஆசிரியை வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி, "இந்த வயசுல இவ்வளவு பக்தி, பாத்துக் கத்துக்கங்க" என்று கைதட்ட வைத்தாள். மதிப்பெண்ணும் குறையவில்லை. கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்ததை அடக்கம் என்றோம். மெலிந்ததை வயசுக்கு வந்த பிள்ளை உயரமாகிறாள் என்றோம். ஒவ்வொன்றையும் பார்த்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பெயர் வைத்தோம்.

அந்தச் சமயத்தில் நான் ஊட்டச்சத்துப் பாடம் வேறு நடத்திக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மாவுக்கென்று ஒரு பெரிய கேக் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் பெற்றோர் கூட்டம். அந்த அம்மா வந்திருந்தாள். வயலிலிருந்து நேரே வந்திருக்கிறாள் என்பது காலைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கெல்லாம் குடுத்து விட்டீங்களே டீச்சர், எதுக்கு உங்களுக்குச் சிரமம்?"

"நீங்க செய்யறதுக்கு முன்னாடி இது என்னங்க?" என்றேன்.

"நான் என்ன செஞ்சேன்?" என்று சிரித்தாள். தன்னடக்கம் என்று நானும் சிரித்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். காலையில வயித்த வலிக்குதுன்னு சாப்பிடாம ஓடுறா. ராத்திரி படிக்கணும்னு தட்ட ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுறா. சரி, மத்தியானமாவது ஒழுங்கா சாப்பிடுறாளேன்னு இருந்தேன். டப்பா ஒரு பருக்கை இல்லாம, கழுவி வேற கொண்டாறா. காலியா வருதேன்னு இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டின்னு அழுத்தி வக்கிறேன். உடம்புல ஒட்டவே மாட்டேங்குது. நீங்க இந்தப் பாடந்தானே நடத்துறீங்க, பூச்சிக்கு மருந்து குடுக்கலாமா?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வராந்தாவில் எங்களைச் சுற்றி இருபது பெற்றோர்கள். தலைமையாசிரியை ரெண்டடி தள்ளி நிற்கிறாள். அந்தப் பிள்ளை தூணை ஒட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி நடந்துவிட்டேன்.

அந்தப் பொங்கல் வாரம் போல நீண்ட வாரம் என் ஆயுளில் கிடையாது. கீழ்வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் எதுவும் கொடுத்துவிடவில்லை. என்னை நினைத்து எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அந்த நெய் என் அம்மாவின் இடத்தில் இருந்து வந்த நெய் இல்லை, இளைத்துப்போகிற தன் மகளுக்காக ஒருத்தி விட்ட நெய். இதில் எந்தத் துக்கம் பெரியது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முதல் இரண்டு நாள் நான் எனக்காகத்தான் அழுதேன். மூன்றாவது நாள்தான் அந்தப் பிள்ளை ஞாபகம் ஒழுங்காக வந்தது. ஐந்து மாதம் மதியம் சாப்பிடவில்லை, காலையும் இல்லை, ராத்திரியும் சந்தேகம். அப்படியானால் அவள் எதை வைத்து உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்தபோது பயம் வந்தது.

பள்ளி திறந்த அன்று வழக்கம்போல டப்பாவோடு வந்து நின்றாள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை என்பதால், நான் அவள் பக்கம் என்று நினைத்துவிட்டாள் போல. நான் செய்தது அடுத்த முட்டாள்தனம். கையைப் பிடித்து ஸ்டாஃப் ரூமுக்கு இழுத்துப் போய், எல்லார் முன்னாலும் உட்காரவைத்து, டப்பாவைத் திறந்து, "சாப்பிடு. நான் பாக்க நீ சாப்பிடணும்" என்றேன்.

ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். "சாப்பிடும்மா, எலும்பும் தோலுமா இருக்கியே" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டுல மூணு வேளையும் சோறு கேக்குது ஒண்ணு, இது பாரு" என்றாள் இன்னொருத்தி. பிள்ளை இரண்டு வாய் எடுத்தாள். மென்றுகொண்டே இருந்தாள், முழுங்க முடியவில்லை. கண்ணீர் மொச்சைக் கூட்டில் விழுந்தது. மூன்றாவது வாய்க்கு எழுந்து ஓடிவிட்டாள்.

அதோடு என் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். டப்பா வகுப்பிலேயே பெஞ்சு பெஞ்சாகப் போய்க் காலியானது. நல்ல மனசு உள்ள பிள்ளை என்று அதற்கும் பேர் கிடைத்தது.

தலைமையாசிரியையிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரையாச்சும் விரும்புறாளான்னு மொதல்ல விசாரிங்க" என்றாள். பிறகு, "மனநலம் அது இதுன்னு வெளியில பேச்சு வரவேண்டாம் டீச்சர். பொம்பளப் பிள்ளை, நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றாள். கெட்டவள் இல்லை. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அந்தக் கட்டடத்தில் யாருக்குமே தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறந்த ஊரில் அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து மறைத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, என்னைத் தெரிந்தவர் என்று அந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. முந்தானையை விட்டுவிட்டேன்.

டாக்டர் என் பழைய மாணவிகள் வயசுப் பெண். "யாருக்கு என்ன பிரச்சினை?" என்றாள். "என் மாணவிக்கு" என்று ஆரம்பித்து, நான் சாப்பிட்டது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இது அடம் இல்லை, திமிர் இல்லை, பக்தியும் இல்லை, இது ஒரு நோய் என்றாள். சாப்பாட்டையும் உடம்பையும் சுற்றியே மனசு மாட்டிக்கொள்கிற நோய், உயிருக்கே ஆபத்து வரலாம், சீக்கிரம் கவனித்தால் மீண்டு வரலாம், இருதயம், ரத்தம் எல்லாம் பார்க்க வேண்டும், அம்மாவோடு இந்த வாரமே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

"ஸ்கூல்ல நாங்க என்ன செய்யணும்?" என்றேன்.

"சாப்பிடு சாப்பிடுன்னு துரத்தாதீங்க. மெலிஞ்சிட்டேன்னு சொல்லாதீங்க. நாளைக்குக் கொஞ்சம் தேறினா, தேறிட்டேன்னும் சொல்லாதீங்க. உடம்பப் பத்தின பேச்சே வேண்டாம். ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சப்புறம் மத்தியானம் அவ கூட ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டா நல்லாருக்கும். மேல்பார்வை பாக்கறதுக்கு இல்ல, கூட சாப்பிடறதுக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க டீச்சர்?"

"டீயும் பிஸ்கட்டும்" என்றேன்.

அன்று நன்னிலம் திரும்பியதும் வீட்டுக்குப் போகவில்லை. அப்படியே இன்னொரு பஸ் பிடித்து அந்த அம்மாவின் ஊரில் இறங்கினேன். வாய்க்கால் கரையோடு நடந்தேன். சம்பா அறுப்பு. மெஷின் ஒரு பக்கம் அறுத்துக்கொண்டே போக, வைக்கோல் தூசி மூக்கில் ஏறியது. அந்த அம்மா வரப்பில் நின்று டிரைவரிடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தாள்.

"பிள்ளைக்கு ஏதாச்சுமா டீச்சர்?"

பஸ்ஸில் வரும்போது எவ்வளவோ வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "உங்க பிள்ளை சாப்பாட்ட நாந்தாங்க சாப்பிட்டேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மெஷின் சத்தத்தில் இன்னொரு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தையைக் கத்திச் சொல்வது எனக்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கத்திரிக்காப் புளிக்கொழம்பும் நீங்கதானா?" என்றாள்.

"ஆமா."

"அவளுக்கு ரொம்பப் புடிக்கும்னு வாரம் ரெண்டு தடவ வச்சேன்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நான் படிக்காதவ, காலி டப்பாவப் பாத்து ஏமாந்தேன். நீங்க படிச்சவங்கதானே டீச்சர்? எதிர்ல உக்காந்திருந்த பிள்ளை முகத்த ஒரு தடவ பாக்கலையா?"

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் தஞ்சாவூர் போனோம். பிள்ளை பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். துரோகி என்று நினைத்திருப்பாள். அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் அந்த அம்மாவிடம் இல்லாமல் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பார்த்த பிறகு தலைமையாசிரியை இறங்கிவந்தாள். ஆசிரியைகளை உட்காரவைத்து நான் பேசினேன். நல்ல பிள்ளை என்று நாம் கைதட்டுவதற்கு முன்னால் அவள் மதியம் சாப்பிட்டாளா என்று பாருங்கள் என்றேன். ஒரு பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போனால், எந்நேரமும் குளிருது என்றால், தனியாகக் கூப்பிட்டு "உன்னப் பத்திக் கவலையா இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள், வீட்டில் பேசுங்கள், எல்லார் முன்னாலும் நான் செய்த மாதிரி செய்யாதீர்கள் என்றேன். தமிழ் ஆசிரியை ஓரமாக உட்கார்ந்து அழுதாள். குண்டு, ஒல்லி என்று பிள்ளைகளைக் கூப்பிடுவதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது ஒன்றிரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஏப்ரலில் பிள்ளை திரும்பி வந்தாள். மாதத்துக்கு இரண்டு தடவை தஞ்சாவூர். மதியம் ஆய்வகத்தில் என்னோடு. டாக்டர் என்னிடம் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று, அவள் டப்பாவிலிருந்து நான் ஒரு பருக்கைகூடத் தொடக் கூடாது. அதனால் இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக ஒரு டப்பா வாங்கினேன். காலையில் எழுந்து எனக்காக உலை வைத்தேன். ரசம் ஒரு நாள் உப்பு, ஒரு நாள் சப்பு.

எங்கள் பக்கத்தில் எதிரில் ஆளை வைத்துக்கொண்டு கேட்காமல் யாரும் டப்பாவைத் திறப்பதில்லை. அவளும் தினமும் தள்ளுவாள். "நீங்க கொஞ்சம் எடுத்துக்குங்க டீச்சர்." அந்த வாசனைக்கு என் நாக்கு இன்னும் அடிமைதான். "எங்கிட்ட இருக்கு" என்று என் சப்பு ரசத்தைக் காட்டுவேன். அவ்வளவுதான் பேச்சு. சில நாள் பாதி சாப்பிடுவாள், சில நாள் நாலு வாய். சில நாள் டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் என் சோற்றைப் பார்த்துச் சாப்பிடுவேன். ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட்டும் அந்த அறையில் அவ்வளவு தனிமையாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

பிளஸ் டூ ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அவளாகப் பேசினாள்.

"கொட்ட முடியல டீச்சர்."

"எத?"

"சோத்த. மொத நாளு குப்பைத்தொட்டி வரைக்கும் போனேன். எங்கம்மா சேத்துல நின்னு நட்டது. கொட்ட மனசு வரல. அப்பத்தான் நீங்க பிஸ்கட் தின்னுட்டு உக்காந்திருந்தீங்க." டப்பா மூடியை விரலால் சுற்றினாள். "உங்களுக்கும் பசி தீந்துது, எனக்கும் பாரம் விட்டுது."

ஏன் ஆரம்பித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அவளே சொன்னாள். பிளஸ் ஒன் சேர்ந்த ஜூனில் எல்லாருக்கும் உயரமும் எடையும் பார்த்தார்கள். விளையாட்டு ஆசிரியை எடையைச் சத்தமாகச் சொல்ல, நான் எழுதினேன். அவள் முறை வந்தபோது நான் நிமிர்ந்து பார்த்து ஒன்று சொன்னேனாம். "டெம்போவ நிறுத்தி எறக்கின மூட்டையா நீ, நடந்தா வந்த?" வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்களாம்.

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அது என் வாய்தான். அந்த வாக்கியம் போகிற போக்கும், கடைசியில் சிரிப்புக்கு நிறுத்துகிற இடமும் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு வார்த்தையால் மட்டும் இந்த நோய் வருவதில்லை, பல காரணம் இருக்கும் என்று டாக்டர் பின்னால் எனக்குச் சமாதானம் சொன்னாள். இருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டேதான் வரிசையில் திரும்பிப் போயிருக்கிறாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"மன்னிச்சிரும்மா" என்றேன். ஒரு மாணவியிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ம்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டப்பாவை மூடினாள்.

மறுவாரமே எடை பார்க்கும் மெஷினைத் தனி அறைக்கு மாற்றவைத்தேன். ஒருத்தி உள்ளே போனால் கதவைச் சாத்துவோம், நம்பர் யார் காதிலும் விழாது. வகுப்பில் என் வாயும் குறைந்துவிட்டது. என்ன டீச்சர் உடம்பு சரியில்லையா என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அக்டோபர் கடைசி, மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். அன்று டப்பாவை முக்கால்வாசி முடித்துவிட்டு, ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளைலேருந்து கிளாஸ்லயே சாப்பிடட்டுமா டீச்சர்? பிள்ளைங்க கூப்பிடுதுங்க."

வகுப்பில்தான் அவள் டப்பா பெஞ்சு பெஞ்சாகப் போனது. அங்கே இருபது கை நீளும், இவளுக்குக் கொடுத்தே பழக்கம். அதோடு, இதையும் சொல்ல வேண்டும், நாளைக்கு எதிர் ஸ்டூலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் அதே நொடியில் என் மனசில் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள். டாக்டருக்குப் போன் போட்டேன். "அனுப்புங்க டீச்சர். அதுக்குத்தானே இவ்வளவும்" என்றாள்.

மறுநாள் பெல் அடித்துப் பத்து நிமிடம் ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. நாலைந்து ரெக்கார்டு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரோ கேட்ட மாதிரி, வராந்தாவில் நடந்தேன். மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வகுப்புக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டேன். எட்டிப் பார்க்கப் பயம். உள்ளே ஒரே கூச்சல், டப்பா மூடிகள் உருளும் சத்தம், யாரோ யாருடைய வடையையோ கேட்கிறார்கள். அதற்கு நடுவில் அவள் குரல் வந்தது.

"ஏய், கைய எடுடி! குடுக்க மாட்டேன், இது என்னோடது."

நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இன்னொரு பிள்ளை கெஞ்சியது, அவள் தரவில்லை. பிறகு சிரிப்பு.

திரும்பி ஆய்வகத்துக்கு வந்து கதவைச் சாத்தினேன். மேசை ஓரத்தில் பழக்கத்தில் இழுத்துப் போட்டிருந்த இரண்டாவது ஸ்டூலை உள்ளே தள்ளினேன். என் டப்பாவைத் திறந்தேன். அன்றைக்குக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, நானே வைத்தது, அந்த அம்மா வைக்கிற மாதிரி வராது. சாதத்தின் நடுவில் குழித்துக் கொஞ்சம் நெய் விட்டிருந்தேன். பிசைந்து, ஒரு பருக்கை விடாமல், தனியாகச் சாப்பிட்டேன்.